கருப்பொருளும் தெய்வமும்

1

பக்திப் பாடல்களைப் பற்றிய நமது ஆராய்ச்சி நூல்களில் 'இயற்கை வருணனை' என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். கமுகு, வாழை, கயல், குருகு, மந்தி என்று இனம் பிரித்து, பாட்டு எண்களை அடுக்கி, அடியார்கள் இயற்கையில் இறைவனைக் கண்டு இன்புற்றனர் என்று அந்த அத்தியாயம் முடியும். அதற்கு மேல் ஒரு படி போகிறவர்கள், தமிழன் ஆதியிலிருந்தே இயற்கையை வழிபட்டவன், ஆகவே இதில் வியப்பில்லை என்பார்கள். வியப்பில்லாத இடத்தில் விமர்சனத்துக்கும் வேலையில்லை. பாட்டைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. ஒரு குருகும் ஒரு குரங்கும் தெய்வத்தின் பக்கத்தில் நிற்கத் தகுதி பெறுவது எந்தக் கலாசாரத்திலும் தானாக நடந்துவிடுவதில்லை. தமிழில் அது நடந்ததற்கு ஒரு காலம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு தடை இருந்தது. நடந்தபோது ஒரு சண்டை இருந்தது. நடந்து முடிந்த பிறகு ஓர் இழப்பும் இருக்கிறது. இந்த ஆனந்தத்தின் சரித்திரத்தை, முக்கியமாக ஒரே ஊரைப் பற்றி இரண்டு பேர் பாடிய இரண்டு பதிகங்களை வைத்துக்கொண்டு, இங்கே யோசிக்க முயல்கிறேன். ஊர் திருவையாறு. பாடியவர்கள் சம்பந்தரும் அப்பரும். காலம் 7ஆம் நூற்றாண்டு.

2

தடை இலக்கணத்திலேயே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், கூடல், பிரிவு, இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனித நிலைகள் உரிப்பொருள் என்றும் வகுக்கும் தொல்காப்பியம், இடையில் கருப்பொருளை வைக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள்கள். இந்தப் பட்டியலில் தெய்வத்தின் இடம் கவனிக்க வேண்டியது. அது முதலில் வருகிறது. ஆனாலும் பட்டியலுக்கு உள்ளேதான் வருகிறது. மாயோனும் சேயோனும் மரத்தோடும் பறவையோடும் சேர்த்து எண்ணப்படும் நிலத்துப் பொருள்கள். பாட்டின் மையத்தில் இருப்பது உரிப்பொருள், அதாவது இரண்டு மனிதர்களுக்கு இடையில் நடப்பது.

அகப்பாட்டில் நாரையோ எருமையோ வந்தால் அது சும்மா வருவதில்லை. குளத்தில் மீனுக்காக ஒற்றைக் காலில் நிற்கும் நாரையைத் தோழி சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பாள். தலைவனைப் பற்றி அவள் சொல்ல வேண்டியது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். இதற்குப் பெயர் உள்ளுறை உவமம். இங்கேதான் தொல்காப்பியர் ஒரு விலக்கு வைக்கிறார். உள்ளுறைக்கு இடமாகக் கொள்ளும் கருப்பொருள்களில் தெய்வம் சேராது என்கிறார். சூத்திரம் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: உள்ளுறையில் வரும் பொருள் வாய் பேசாமல் இருக்க வேண்டும். வேறொன்றின் அர்த்தத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் சாதுத்தன்மை அதற்கு வேண்டும். தெய்வம் அப்படி இருக்காது. அது வந்தால் தன்னைப் பற்றியே பேசும்.

ஆகவே, சங்க அகத்தில் இயற்கையின் துல்லியம் இருக்கிறது, வலி இருக்கிறது. தெய்வ ஆனந்தம் இல்லை. குறிஞ்சியின் தெய்வமான முருகன்கூட வெறியாட்டுப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு தவறான நோய்க்குறிப்பாகத்தான் வருகிறான். மகள் மெலிவதற்கு முருகன் காரணம் என்று தாய் நினைக்கிறாள். காரணம் யார் என்று தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். மலை மலையாகவே இருக்கிறது, அதில் தெய்வம் நிரம்பவில்லை.

அது முதன்முதலாக நிரம்பி வழிவது திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியில். 317 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு பழமுதிர்சோலை அருவியில் முடிகிறது. அருவி மலையிலிருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வருகிறது. தேனடை சிதைகிறது, பலாச்சுளை கலக்கிறது, குரங்கு நடுங்குகிறது, யானை குளிர்கிறது, வாழை முறிகிறது, தென்னங்குலை உதிர்கிறது, மயில் அஞ்சுகிறது, கரடி பிளவுக்குள் ஒளிகிறது. இந்த அருவிக்கு உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. எந்தத் தலைவனையும் அது குறிக்கவில்லை. அகப்பாட்டு வாசகனின் பழக்கத்தோடு வந்து ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது என்று தேடினால் கையில் ஒன்றும் தங்காது. வாக்கியம் மூச்சு விடாமல் இறங்கி, அந்த மலைக்கு உரியவனிடம் போய் நிற்கிறது. அவ்வளவுதான். தேவைக்கு மேல் இருப்பது, அர்த்தத்துக்கு மேல் இருப்பது என்ற உணர்வு தமிழ்க் கவிதையில் தெய்வத்தோடு சேருவது இங்கே. பரிபாடலில் இது வேறு விதமாகத் தொடர்கிறது. நமக்கு முழுதாகக் கிடைத்துள்ள 22 பாடல்களில் திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8. ஆறும் கடவுளும் ஒரே நூலில், பண் வகுக்கப்பட்ட பாட்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் வையையின் மகிழ்ச்சி நீராட வந்த நகரத்து ஜனங்களின் மகிழ்ச்சி. ஆற்றுக்கும் அதற்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது.

3

இந்த இடைவெளியைத் தாண்டியவர் யார் என்று கேட்டால் நாம் உடனே தேவாரத்துக்குப் போய்விடுகிறோம். அதற்கு முன்னால் காரைக்கால் அம்மையார் நிற்கிறார். அவர் தாண்டிய இடம் வயலோ சோலையோ இல்லாதபடியால் 'இயற்கை வருணனை' அத்தியாயங்களில் அவருக்கு இடம் கிடைப்பதில்லை.

குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் கண்டவர்கள் இரங்கிப் பேசுகிறார்கள். அது மூங்கில் அடர்ந்த பாலை வழி. காற்றில் வாகையின் காய்ந்த வெண்ணெற்று கலகலக்கிறது. ஆரியக் கூத்தர் கயிற்றின்மேல் ஆடும்போது கொட்டும் பறை போல அது ஒலிக்கிறது என்பது உவமை. அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் அதே வாகை நெற்று, நள்ளிரவில், சுடுகாட்டில் ஒலிக்கிறது. கூகை குரல் கொடுக்கிறது, ஆந்தை கிளையில் குதிக்கிறது, கள்ளி நிழல் பரப்பியிருக்கிறது. அந்த இடத்தில் அப்பன் ஆடுகிறான். பழைய பாட்டில் நெற்றின் ஒலி பறை போல இருந்தது. இங்கே 'போல' என்பது உதிர்ந்துவிட்டது. ஆட்டம் உண்மையிலேயே நடக்கிறது. நெற்று அதற்குப் பக்கவாத்தியம்.

இதைப் பயங்கர ரசம் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அம்மையார் பயப்படவில்லை, பயமுறுத்தவும் இல்லை. பேய் தன் குஞ்சுக்குப் பாலூட்டுவதையும் நரி இழுத்துப் போவதையும் ஒரு குடும்பக்காரியின் நிதானத்தோடு சொல்கிறார். அழுகும் உடம்பும் உலர்ந்த மரமும் கூட உலகத்தில் சேர்ந்தவையே என்று ஒப்புக்கொண்ட பிறகு வரும் சந்தோஷம் இது. தமிழில் தெய்வ ஆனந்தம் நிலத்தின்மேல் முதலில் கால் வைத்த இடங்களில் ஒன்று பாலை. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4

இனிச் சண்டைக்கு வரலாம். 7ஆம் நூற்றாண்டில் சைவர்கள் சமணரோடும் பௌத்தரோடும் மோதினார்கள் என்பது பாடப்புத்தக விஷயம். இதன் பொருளாதார அடிப்படையைக் கைலாசபதி 1966இல் வெளியான 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில், 'நாடும் நாயன்மாரும்' என்ற கட்டுரையில் எடுத்துச் சொன்னார். வணிகர் சார்ந்த சமண பௌத்தத்துக்கு எதிராக நிலவுடைமையாளர் சார்ந்த சைவம் எழுந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அதை மறுக்க எனக்கு அவசியமில்லை. ஆனால் ஒரு வர்க்கம் எழுவதற்கு ஏன் ஒரு குருகு வேண்டியிருந்தது என்ற கேள்வி அப்புறமும் மிஞ்சுகிறது. விமர்சகன் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

சைவர்கள் உலகத்தை நேசித்தார்கள், சமணர்கள் வெறுத்தார்கள் என்பது சைவர்கள் பரப்பிய கதை. மண்ணிலும் நீரிலும் நெருப்பிலும் காற்றிலும் செடியிலும் ஓரறிவு உயிர் உண்டு என்று எண்ணி நடந்தவர்கள் சமணர்கள். புல்லை மிதிக்கத் தயங்கியவனுக்குப் புல் தெரியாது என்று சொல்வது அநியாயம். தமிழில் நாட்டு வளத்தை ஆகச் செழிப்பாகப் பாடியவர்களில் ஒருவர் திருத்தக்கதேவர். சீவக சிந்தாமணியின் தொடக்கத்தில் முற்றிய தேங்காய் ஒன்று விழுந்து, கமுகின் தேனடையைக் கிழித்து, பலாவைப் பிளந்து, மாங்கனியைச் சிதறடித்து, வாழைப்பழத்தை உதிர்க்கும் காட்சி பிரசித்தம். கண்ணில் குறை இல்லை. வித்தியாசம், கண்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் இருக்கிறது.

அதே சிந்தாமணியின் முடிவில் சீவகன் ஒரு காட்சி காண்கிறான். கடுவன் ஒன்று தன் மந்தியின் ஊடலைத் தணிக்கப் பலாப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறது. தோட்டக்காரன் விரட்டிவிட்டுப் பழத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். அரசும் செல்வமும் இப்படித்தான் கைமாறுகின்றன என்று சீவகனுக்கு உறைக்கிறது. துறவு கொள்கிறான். குரங்கு ஜோடி உண்மையானது, அன்போடுதான் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஒரு கதவு. அதன் வழியாக வெளியே போக வேண்டும். சிந்தாமணி தேவாரத்துக்குப் பிந்தியது. ஆனாலும் அது சொல்லும் பார்வை அப்பர் இளமையில் வாழ்ந்த பார்வை. சமணத்தில் பல ஆண்டுகள் இருந்து திரும்பியவர் அவர். அந்த ஆண்டுகளைத் தம் பாட்டுகளில் அவரே சொல்லிச் சொல்லி வருந்துகிறார். ஆகவே ஒரு விலங்கு ஜோடியைக் கண்டால் அதிலிருந்து வெளியே போகப் பயிற்சி பெற்ற கண் அவருடையது.

5

முதலில் சம்பந்தரின் ஐயாறு. சம்பந்தரின் பாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி சிவனைச் சொல்லும், மறு பாதி ஊரைச் சொல்லும். இரண்டையும் இணைக்கும் உவமை உருபு இருக்காது. சொல் எச்சம்கூட இருக்காது. அவன் இப்படிப்பட்டவன், அவன் இருக்கும் ஊர் இது. இதை யாப்புப் பழக்கம் என்று விட்டுவிடலாம். பல பதிகங்களில் அது வெறும் பழக்கம்தான். ஆனால் ஐயாற்றுப் பதிகம் ஒன்றின் முதல் பாட்டைப் பாருங்கள்.

முதல் பாதி சாவைச் சொல்கிறது. ஐந்து புலன்களும் கலங்குகின்றன, நெறி மயங்குகிறது, அறிவு கெட்டு, கபம் மேலேறி, மனம் தடுமாறும் அந்த நேரத்தில் பயப்படாதே என்று சொல்லி அருள் செய்பவன் அவன். மறு பாதியில் கோயிலை வலம் வந்த பெண்கள் நடனம் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அந்த அதிர்வை இடி என்று எண்ணிப் பயந்த சில மந்திகள் தடுமாறி மரத்தின்மேல் ஏறி, மேகம் எங்கே என்று வானத்தைப் பார்க்கின்றன.

பாட்டு இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேலே தடுமாறிய மனமும் கீழே தடுமாறிய மந்தியும் ஒன்றை ஒன்று பார்க்காமல் இருக்க முடியாது. மந்தி பயந்தது இடிக்கு. இருப்பதோ முழவு. சாகிறவன் பயப்படுவது எதற்கு? இருப்பது எது? அந்தக் குரங்குகள் அண்ணாந்து பார்க்கும் வானத்தில் மேகம் இல்லை. மரணம் என்று கேட்கிற சத்தம் ஒரு நடனத்தின் தாளம் என்று சம்பந்தர் சொல்லியிருந்தால் அது தத்துவமாகியிருக்கும். சொல்லாமல் ஒரு குரங்கை மரத்தில் ஏற்றிவிட்டார். நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புதான் அருளின் ருசி.

இது உள்ளுறை. தொல்காப்பியர் தெய்வத்தை விலக்கி வைத்த அதே முறை. உரிப்பொருள் இருந்த இடத்தில் சம்பந்தர் தெய்வத்தையும் சாவையும் வைத்தார். கருப்பொருள் இருந்த இடத்தில் கருப்பொருளையே விட்டுவைத்தார். பட்டியலில் மரத்தோடு மரமாக எண்ணப்பட்ட தெய்வம் வெளியே வந்து, பட்டியல் முழுவதையும் தன்னைப் பற்றிப் பேசவைத்தது. அதே பதிகத்தின் இன்னொரு பாட்டில், முன் பாதியில் எலும்புக்கூட்டை அணிந்தவன் வருகிறான். பின் பாதியில் ஒரு வெண்குருகு தேன் மணக்கும் பொழிலுக்குள் நுழைந்து, கூரிய அலகால் இறகைக் கோதி உலர்த்தி, குளிர் நீங்கி, இரை தேடப் புறப்படுகிறது. எலும்பும் ஈர இறகும் அடுத்தடுத்து. அம்மையாரின் சுடுகாடு முன் பாதியில் இன்னும் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின் பாதியின் குளிரும் பசியும் அதனால்தான் உயிர் பெறுகின்றன.

ஆனால் பதிகம் இத்தோடு முடிவதில்லை. 8ஆம் பாட்டில் இராவணன் நசுங்குவதும், 9ஆம் பாட்டில் மாலும் அயனும் தேடிக் காணாமல் நிற்பதும், 10ஆம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் வைவதும் சம்பந்தரின் பொது வாய்ப்பாடு. ஐயாற்றுப் பதிகத்திலும் வசவு இருக்கிறது. நமது பக்தர்கள் அதை வேகமாகப் பாடிக் கடந்துவிடுகிறார்கள். நமது பகுத்தறிவாளர்கள் அதை மட்டும் படிக்கிறார்கள். இரண்டுமே தப்பித்தல். குரங்கின்மேல் அத்தனை பரிவு காட்டும் அதே குரல், பாய் உடுத்த ஒரு மனிதனைக் கண்டதும் கடூரமாகிறது. இந்த ஆனந்தத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையில் வேலி உண்டு. வேலிக்கு வெளியே நிற்பவன் குருகின் அளவுக்கும் எண்ணப்படவில்லை. இயற்கையில் தெய்வத்தைக் கண்டவர்கள் மனிதரில் காணத் தவறியது தேவாரத்தின் உள்ளேயே இருக்கும் முரண். வெளியிலிருந்து நாம் சுமத்தும் குற்றம் இல்லை இது.

6

அப்பரின் ஐயாற்றுப் பதிகம் இந்த வேலி இல்லாதது. வழக்கமாக அவர் பதிகங்களின் முடிவில் வரும் இராவணன்கூட இதில் கிடையாது.

இதன் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொன்னார். கயிலையைக் காண வடக்கே புறப்பட்ட முதியவர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, பிறகு புரண்டும் போக முடியாமல் கிடக்கிறார். இந்தக் குளத்தில் மூழ்கு, ஐயாற்றில் காண்பாய் என்று சொல்லப்படுகிறது. மூழ்கியவர் ஐயாற்றுக் குளத்தில் எழுகிறார். அழகான கதை. ஆனால் பதிகத்தில் இமயமும் இல்லை, தேய்ந்த காலும் இல்லை. பூவும் நீரும் சுமந்து போகிறவர்களின் பின்னால் தானும் நுழையப்போவதாக ஒருவர் சொல்கிறார். சுவடு எதுவும் படாமல் ஐயாற்றை அடைகிறபோது வழியில் ஏதோ வருகிறது. அதைக் கண்டேன் என்கிறார். இதுவரை காணாததைக் கண்டதாகச் சொல்கிறார்.

வந்தது என்ன? பதினோரு பாட்டுகளிலும் ஒவ்வொரு ஜோடி. யானை தன் பிடியோடு வருகிறது. கோழி, குயில், மயில் வருகின்றன. அன்றில் வருகிறது. இடி போன்ற குரல் உள்ள பன்றி, கருங்கலை, நாரை, பைங்கிளி, கடைசியில் இளம் பசுவைத் தழுவியபடி ஒரு காளை. ஒவ்வொரு பாட்டும் பிறை சூடியவனையும் அவன் பக்கத்தில் உள்ளவளையும் பாடித் தொடங்குகிறது, ஒரு விலங்கின் ஜோடியில் முடிகிறது. இணைப்புச் சொல் இங்கேயும் இல்லை. உவமையும் இல்லை. யானை சிவனைக் குறிக்கிறது என்று எங்கும் சொல்லப்படவில்லை.

திணைப்படி பார்த்தால் இன்னொன்று தெரியும். யானையும் மயிலும் குறிஞ்சி. கலைமானும் ஏறும் முல்லை. நாரை மருதம். அன்றில் நெய்தல். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஓடும் சமவெளி ஊர் ஒன்றின் வாசலில் இத்தனை நிலத்து உயிர்களும் கூடுகின்றன. பழைய இலக்கணம் நிலம் நிலமாகப் பிரித்து வைத்த கருப்பொருள்கள் அந்தந்த நிலத்தை விட்டுப் புறப்பட்டு ஓர் இடத்துக்கு வந்து சேர்கின்றன. கயிலை என்பது அப்பருக்குத் தூரத்து மலை இல்லை. எல்லா நிலமும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கணம்.

இங்கே சிந்தாமணியின் மந்தி ஜோடியை நினைத்துக்கொள்ள வேண்டும். சமணத்தில் பயின்ற கண், கூடித் திரியும் உயிர்களைக் கண்டால் வினைக்கட்டைக் காணும், விலகும். அப்பருக்கு அந்தப் பயிற்சி போகவில்லை. போயிருந்தால் இந்தப் பதிகத்தில் இவ்வளவு அமைதி வராது. எதையும் தொடாமல், எதையும் விரட்டாமல், சுவடு பதிக்காமல் ஓரமாக நின்று பார்ப்பது ஒரு சமண முனிவனின் நடை. அந்த நடையோடு வந்தவர், விலகாமல் நின்றுவிட்டார். கண்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். எந்த மதத்தைப் பதிகம்தோறும் அவர் கூட்டம் வைதுகொண்டிருந்ததோ, அந்த மதம் கற்றுக்கொடுத்த கவனம்தான் சைவத்தின் உன்னதமான இயற்கைக் கவிதையைச் சாத்தியமாக்கியது என்று எனக்குப் படுகிறது. சண்டையில் வென்றவர்கள் தோற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்வதில்லை. கவிதை ஒப்புக்கொள்கிறது.

பிற்காலத்து இரண்டு உதாரணங்களோடு ஒப்பிட்டால் அப்பரின் தனித்தன்மை தெளிவாகும். திருவாய்மொழியின் நாலாம் பத்தில், நாலாம் திருவாய்மொழியில், தாய் ஒருத்தி தன் மகளைப் பற்றிப் புலம்புகிறாள். மண்ணைத் துழாவி இது வாமனன் அளந்த மண் என்கிறாள் மகள். எரியும் நெருப்பைத் தழுவுகிறாள், காற்றைத் தழுவுகிறாள், மழையைக் கண்டால் அவன் வந்துவிட்டான் என்று ஆடுகிறாள், பாம்பின் பின்னால் போகிறாள். உலகம் முழுவதும் அவனுடைய அடையாளமாகிவிட்டது. ஆகவே உலகத்தில் எதுவும் தானாக இல்லை. அங்கே இருப்பது பிரிவின் தகிப்பு. மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியில் ஆனந்தமே கடலாகி, அது முகிலாகி, திருப்பெருந்துறை மலைமேல் ஏறி, மின்னி, இடித்து, பொழிந்து, வினை என்ற மரத்தை வேரோடு பிடுங்கி, அடியார்களாகிய உழவர்களின் வயலில் பாய்கிறது. பருவமழையை இவ்வளவு நுட்பமாகத் தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் மழை அங்கே உருவகம். நனைவது ஆத்மா. அப்பரின் நாரை எதற்கும் உருவகம் இல்லை. அது தன் துணையோடு வந்து நாரையாகவே போய்விடுகிறது.

7

இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேவாரத் தலங்கள் என்று இன்று எண்ணப்படும் ஏறத்தாழ 275 ஊர்களில் காவிரியின் வடகரையில் மட்டும் 63, தென்கரையில் நூற்றிருபதுக்கு மேல். அதாவது ஆனந்தத்தின் பூகோளம் பெரும்பாலும் நீர்ப்பாசனத்தின் பூகோளம். தஞ்சையில் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயிலின் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும் உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் நியமித்ததைச் சொல்கிறது. ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். ஐயாறு அங்கிருந்து வடக்கே நடந்து போகிற தூரம்தான். வயலைப் பாடிய பாட்டு நெல்லாகத் திரும்பி வந்துவிட்டது. பாட்டு பிழைத்ததற்கு அந்த நெல் காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாசனம் இல்லாமல் ஓதுவார் இல்லை, ஓதுவார் இல்லாமல் பண் இல்லை.

ஆனால் விலை இருந்தது. வயலும் சோலையும் தெய்வத்தின் இடமாக உறுதிப்பட்டபோது பாலை வெளியேறியது. ஐயாற்றுக்கு வந்த ஜோடிகளிலேயே பாலைக்கு உரிய பருந்தும் எருவையும் செந்நாயும் இல்லை. அம்மையாரின் வாகை நெற்றுக்குப் பிறகு அந்த ஒலி பெரிதாகத் தொடரவில்லை. சிவனின் உடம்பில் சாம்பலும் எலும்பும் அடையாளமாகத் தங்கின. அவன் ஆடும் நிலத்தில் கள்ளி இல்லாமல் போயிற்று. சேக்கிழாரிடம் நாட்டுச் சிறப்பு ஒரு தனிப் பகுதியாகிறது. அவர் பெரிய கவி, உழவும் நடவும் களையெடுப்பும் அவருக்குத் தெரிகின்றன. அவருக்குப் பின்னால் வந்த தலபுராணங்களில் நாட்டுப்படலம், நகரப்படலம் என்று அது சட்டமாகிவிட்டது. எந்த ஊராக இருந்தாலும் அதே மேதி, அதே கயல், அதே கமுகு. ஊரைப் பார்க்காமலே ஊர் வளம் பாடலாம். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராக இருபதுக்கு மேல் தலபுராணங்கள் பாடினார். அபாரமான செய்யுள் வலிமை. ஆனால் அந்தக் கயல் எந்தக் குளத்தில் இருந்தது என்று கேட்க முடியாது.

கைலாசபதியின் வாதத்துக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. வளத்தை எண்ணிப் பார்க்கும் ஆனந்தம் நிலவுடைமையாளனின் ஆனந்தம் என்பது தலபுராணத்துக்கு முழுக்கப் பொருந்தும். தேவாரத்தின் பல பாட்டுகளுக்கும் பாதி பொருந்தும். அப்பரின் ஐயாற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பதிகத்தின் காட்சியில் கலத்தாலோ குறுணியாலோ அளக்கக்கூடியது எதுவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத உயிர்கள் வருகின்றன, ஒரு கிழவர் பார்க்கிறார். தன் காலத்தின் நியாயத்துக்கு உட்பட்டே பிறந்தாலும், ஒரு கவிதை தன் கண் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த நியாயத்தை மீறிவிடுகிறது.

8

இதெல்லாம் புதுக்கவிதை எழுதுகிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். 'எழுத்து' தொடங்கிய 1959இலிருந்து பார்த்தால் நமது கவிதையில் காகமும் குருவியும் மரமும் மழையும் நிறைய வந்திருக்கின்றன. நாம் அவற்றைப் படிமம் என்கிறோம். பெரும்பாலும் அவை எழுதுகிறவனின் தனிமைக்கோ கசப்புக்கோ ஒரு குறி. தெய்வம் ஒழிந்த கருப்பொருளை வைத்துச் சொல்லாததைச் சொல்வது. அதாவது நாம் நினைப்பதைவிட நாம் தொல்காப்பியருக்கு மிக அருகில் இருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது பெரிய மரபு. ஆனால் அந்த மரபு ஒரு முறை உடைந்து, பொருள்கள் குறியாக இருப்பதை நிறுத்திவிட்டுத் தாமாகவே வந்து நின்ற சம்பவமும் நமது மொழியில் நடந்திருக்கிறது. அதைக் கோயில்காரர்களுக்கும் பாடத்திட்டத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக் கவிகளிடம் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெய்வ நம்பிக்கை இல்லாமல் அந்தப் பார்வை சாத்தியமா என்பது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை, பதிகம் கேட்பது நம்பிக்கையை அல்ல. வருவதை வழியில் மறிக்காமல் ஓரமாக நிற்பதை.

மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து ஐயாற்றுக்குக் காவிரி வருவது மதகு திறப்பதைப் பொறுத்தது. வருஷத்தில் பல மாதங்கள் படித்துறைக்குக் கீழே மணல்தான். பதிகத்தில் வந்த உயிர்களில் அன்றில் என்பது எந்தப் பறவை என்று இன்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பறவை நூலாரிடையே அபிப்பிராயபேதம் இருக்கிறது. ஒருவர் கண்டேன் என்று சொன்னது மட்டும், ஆறாம் பாட்டில், அப்படியே இருக்கிறது.